தாசில்தார் தள்ளுபடி செய்த ஒண்ணாம் நம்பர் பாட்டு

"அந்த ஒரு பாட்டு இல்லாம உங்க நிகழ்ச்சி நடக்காதாம்மா?"

தாசில்தார் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அவர் மேஜையில் பாதி குடித்த காபியில் ஆடை கட்டியிருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி, சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைக்கு இடப்பக்கம் மிராசுதாரும் அவருடைய ஆட்களும். வலப்பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் தங்கராசுவும் அவருடைய ஆட்களும். நடுவில் சப்-இன்ஸ்பெக்டர், லத்தியை மடியில் படுக்கப் போட்டுக்கொண்டு. சுவரோரமாக ஒரு ஸ்டூலில் நான். எனக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு என் அண்ணன்.

காலையிலிருந்து அந்த அறையில் பேசிக்கொண்டிருந்தது அறுப்புக் கூலியைப் பற்றி இல்லை. வெளியூர் ஆட்களை வயலில் இறக்கியதைப் பற்றியும் இல்லை. அன்று ராத்திரி கோயில் திருவிழாவில் எங்கள் மெல்லிசைக் குழு பாடப்போகிற பாட்டுகளில், ஒண்ணாம் நம்பர் பாட்டை முதலில் பாடுவதா, கடைசியில் பாடுவதா என்பதைப் பற்றித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பாட்டைப் பாடப்போகிறவள் நான். என் வாழ்க்கையில் எனக்கு முதன்முதலாக வாய்த்த ஒண்ணாம் நம்பர் அது. ஆனால் நண்பகல் வரை அந்த அறையில் என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் கேட்டதும் இப்படி ஒரு கேள்வி.

நான் என்ன சொன்னேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் போன வாரத்துத் தகராறு ஒன்றைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

போன் செய்த அன்பருக்கு

போன வாரம் இந்தப் பகுதியில், அந்தக் காலத்திலேயே பாட்டுக்கு ஒண்ணாம் இடம், ரெண்டாம் இடம் எல்லாம் உண்டு என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் பத்திரிகை ஆபீஸில் என் நம்பரை வாங்கிப் போன் செய்துவிட்டார். "உங்க காலத்துல ஏதும்மா டாப் டென்? அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல இருந்தது. நம்மகிட்ட ஏது அப்படி ஒரு கணக்கு?" என்கிறார். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், அவர் நிறுத்தினால்தானே. கேள்வி கேட்பதற்காகப் போன் செய்கிறவர்கள் பதிலையும் அவர்களே சொல்லிவிட்டால் நான் எதற்கு?

இருந்ததய்யா. நம் சர்க்கார் ரேடியோ, சினிமாப் பாட்டைப் போடும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்ட காலம் அது. ஆசையாகப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் கடலுக்கு அந்தப் பக்கம் சிலோன் ரேடியோவைத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் பக்கம் கடலுக்குக் கிட்டே என்பதால் ஓரளவு தெளிவாகவே விழும். திருவாரூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் கம்பிதான் ஏரியல். ஈரத்துணி போட்டால் ஸ்டேஷன் நழுவும். அதனால் வாரத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் துணி துவைக்கவே கூடாது என்று அண்ணன் உத்தரவு போட்டிருந்தார். துவைக்கிறவள் நான். உத்தரவு போடுகிறவர் அவர்.

அந்தச் சாயங்காலம்தான் வரிசைப் பாட்டு. நேயர்கள் எழுதிப்போடும் தபால் கார்டுகளை வைத்து, பத்தாம் இடத்திலிருந்து ஒண்ணாம் இடம் வரை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். அறிவிப்பாளர் ஒண்ணாம் இடத்துக்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் எங்கள் தெருவில் நாய்கூடக் குரைக்காது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில், வடை பஜ்ஜி எழுதும் கரும்பலகையிலேயே மறுநாள் காலை பத்துப் பாட்டும் சாக்பீஸில் ஏறிவிடும். டூரிங் டாக்கீஸில் இடைவேளைக்கு எந்த ரெக்கார்டு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த ரெக்கார்டு, எல்லாம் அந்தப் பலகையைப் பார்த்துத்தான். இப்போது கோடிப் பேர் பார்த்தார்கள், ரெண்டு கோடிப் பேர் பார்த்தார்கள் என்று போனிலேயே நம்பர் ஓடுகிறது. ஓடட்டும். கார்டு வாங்கி, எழுதி, தபால் பெட்டி தேடிப்போய்ப் போட்டவர்கள் எங்கள் ஆட்கள்.

ரெக்கார்டு கிடைப்பது இன்னொரு பாடு. திருவாரூர்க் கடைக்கு வருவதற்கு முன்னால் கூத்தாநல்லூருக்கு வந்துவிடும். அங்கே வீட்டுக்கு ஒருத்தர் கப்பலில் போய்ப் பிழைத்தவர். ஊர் திரும்பும்போது அத்தர், போர்வை, பிஸ்கட் டின்னோடு பாட்டுத் தட்டும் வரும். எங்கள் மைக் செட் காதர் பாய் அந்த ஊர்க்காரர். குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியுமாக டெல்டா முழுக்க எங்களோடு சுற்றியவர். புதுப் பாட்டு எது வந்தாலும், ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் கெஞ்சி ரெக்கார்டை இரவல் வாங்கிவந்து எங்களுக்குப் போட்டுக் காட்டுவார். நான் கற்றுக்கொண்ட பாதிப் பாட்டு கூத்தாநல்லூர் கல்யாணத் தட்டுகளில் கற்றுக்கொண்டதுதான்.

அண்ணனின் சட்டம்

அண்ணனைப் பற்றி இந்தத் தொடரில் நிறையப் புலம்பியாகிவிட்டது. இருந்தாலும் இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்கு: அவர் பெயர் ராஜமாணிக்கம். ஆர்மோனியம் வாசிப்பார். குழுவுக்கு அவர்தான் எல்லாம். அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. சிலோனில் அந்த வாரம் என்ன வரிசையோ, அதே வரிசையில்தான் எங்கள் மேடையிலும் பாட வேண்டும். பத்தில் ஆரம்பித்து ஒண்ணில் முடிக்க வேண்டும். நடுவில் வேறு பாட்டுக் கேட்டுத் துண்டுச் சீட்டு வரும், விசில் வரும், செருப்புகூட வரும். வரிசை மாறாது.

இந்தச் சட்டத்தால் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஒண்ணாம் இடத்துக்கு வருவதெல்லாம் ஆண் குரல் பாட்டாகவே இருக்கும். தப்பினால் டூயட். ஆகவே நிகழ்ச்சியை முடித்துவைக்கிற பாட்டு எப்போதும் எங்கள் ஆண் பாடகர் பாஸ்கருக்குத்தான். சால்வை அவருக்கு, மாலை அவருக்கு. நான் பத்து, ஒன்பது, ஆறு, அப்புறம் டூயட்டில் பாதி. பத்தாம் நம்பரை நான் பாடும்போது ஜனம் பாய் விரித்துக்கொண்டிருக்கும். கடலை விற்கிறவர் குரல் என் குரலுக்கு மேலே கேட்கும். பாவாடை தாவணிக் காலத்திலிருந்து இதே கதை.

போகிற இடத்தில் இப்படி என்றால் வருகிற இடத்தில் வேறு. விடிகாலையில் வேனிலிருந்து இறங்கித் தெருவுக்குள் வந்தால், கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிவார்கள். என் சொந்த அத்தையே என்னை "ராத்திரிப் பாட்டுக்காரி" என்றுதான் சொல்வாள். பெண் பார்க்க வந்த இரண்டு இடம் அந்த ஒரு வார்த்தையில் திரும்பிப் போயிற்று. இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு போகிறோமே, ஒரு நாளாவது கூட்டம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது கடைசிப் பாட்டை நான் பாடக் கூடாதா? எனக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை.

ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். "அண்ணே, ஒரே ஒரு நாள் நான் முடிச்சுவைக்கிறேனே."

"ரேடியோக்காரன் சொல்லட்டும், பாடு" என்றார்.

ரேடியோக்காரன் சொன்னான். ஒரு பெண் தனியாகப் பாடும் பாட்டு. படம் எங்கள் ஊர் டாக்கீஸில் வந்த வேகத்தில் பெட்டி கட்டியது. பாட்டு மட்டும் ஏழு, நாலு, ரெண்டு என்று ஏறியது. பல்லவி முடிகிற இடத்தில் ஒரு நீண்ட இறக்கம். அதில் மூச்சு விட்டால் மாட்டிக்கொள்வோம். ஓடம்போக்கி ஆற்றங்கரையில் துணி துவைக்கிறபோதெல்லாம் அந்த இறக்கத்தைத்தான் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசித் திருவிழா வாரத்தில் அது ஒண்ணாம் இடத்துக்கு வந்தது. அறிவிப்பாளர் இடைவெளி விட்டு, பெயரைச் சொன்னதும், அண்ணன் ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாரதா, உன் பாட்டுதான்" என்றார், ஏதோ சொத்து கைமாறிப் போன குரலில். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதல் மரியாதை

அந்த வாரம் எங்களுக்குத் திருவிழா புக் ஆகியிருந்த ஊர், திருவாரூருக்குத் தெற்கே வாய்க்கால் கரையோடு போகிற பாதையில் இருக்கிறது. பெயரை எழுதினால் ரெண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வருவார்கள், வேண்டாம்.

ஆட்சி மாறி, ஊரெல்லாம் புதுக்கொடி பறந்த வருஷங்கள் அவை. கொடி மாறியதே தவிர வயலில் சண்டை ஓயவில்லை. அந்த ஊரில் மிராசுதார் தெருவும் தொழிலாளர் தெருவும் ஒன்றுக்கொன்று முகம் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம். பிள்ளைகள் புளியமரத்தடியில் படித்தார்கள். திருவிழா நடத்தலாம், பாட்டுக் கச்சேரி வைக்கலாம், பத்து மணிக்கு மூடிவிட வேண்டும் என்று போலீஸ் கண்டிஷன். குழாய் ஸ்பீக்கர் எந்தத் தெருவைப் பார்ப்பது என்று முந்தின வருஷமே அடிதடியாகி, நாலு பக்கமும் ஒவ்வொன்று என்று தீர்த்துவைத்திருந்தார்கள்.

முறைப்படி மிராசுதாரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று காதர் பாய் கிளம்பினார். அண்ணனும் ஒட்டிக்கொண்டார். போன இடத்தில் அண்ணன் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆசையாக எங்கள் வரிசையை விளக்க ஆரம்பித்துவிட்டார், "பத்தாம் நம்பர்ல ஆரம்பிச்சு..." என்று.

மிராசுதார் வெற்றிலையைக் கீழே வைத்தார். "முன்வரிசையில நான் வந்து உட்கார்றப்ப எத்தனாம் நம்பர் பாட்டு?"

"பத்துங்க."

"ஒண்ணாம் நம்பர்?"

"அது கடைசிலங்க."

"ஏம்ப்பா, கோயில்ல எனக்குப் பரிவட்டம் கட்டிட்டுத்தான் மத்தவங்களுக்கு விபூதியே. எனக்குப் பத்தாம் நம்பரைப் பாடிட்டு, நான் எழுந்து போனப்புறம் எவனுக்கு ஒண்ணாம் நம்பரைப் பாடப்போறே?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிரசாதமோ தாம்பூலமோ, முதலில் வருவதுதான் ஒசத்தி என்று பிறந்ததிலிருந்து பழகியவர். உலகத்திலேயே கடைசியில் வருவது பெரியது என்கிற கணக்கு அந்த ரேடியோவில் மட்டும்தான் இருந்தது. அதை ஒரு மிராசுதாரிடம் போய் விளக்குவானேன்?

விஷயம் சாயங்காலத்துக்குள் தொழிலாளர் தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் தங்கராசு நாலு பேரோடு எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். "எங்க சனம் களத்துல போரடிச்சுட்டு வர எட்டாயிடும். அதுக்கு முன்னாடி ஒண்ணாம் நம்பரை அவருக்குப் பாடி முடிச்சுட்டு, எங்களுக்குப் பத்தாம் நம்பரா? தலைமடைக்காரன் பாய்ச்சிட்டு மிச்சத்தைக் கடைமடைக்கு விடுற கதை தண்ணியில போதாதா, பாட்டுலயுமா?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. குற்றம் என் அண்ணன் மேல். "அதான், அதான், கடைசியிலதான் பாடணும்" என்று துள்ளிக் குதித்துவிட்டு, நேரே மிராசுதார் வீட்டுக்குப் போய், "சங்கத் தலைவரே சொல்லிட்டாருங்க, வரிசை மாறக் கூடாதுன்னு" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஊரில் கேட்க வேண்டுமா? நாங்கள் சங்கத்துப் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று ஒரு தெரு. ஒண்ணாம் நம்பரைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று இன்னொரு தெரு. சப்-இன்ஸ்பெக்டர் சட்டம் ஒழுங்கு என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார். திருவிழா அன்று காலை எல்லாரும் தாசில்தார் முன்னால்.

"நடக்குங்க சார், ஆனா..."

பாவம், தாசில்தார் சமரசத்துக்கு நிறைய முயற்சி செய்தார். "நடுவுல பாடிட்டா என்ன? அஞ்சாவதா?" என்றார்.

"நடுவுலன்னா அது யாருக்கு?" என்றார் மிராசுதார். "அதானே, யாருக்கு?" என்றார் தங்கராசு. அறுப்பு ஆரம்பித்ததிலிருந்து இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு தடவை பாடட்டுமே. முதல்ல ஒண்ணு, கடைசில ஒண்ணு."

இதற்கு இரண்டு பக்கமும் யோசித்தது. ஒரு தடவைக்குத் தவமிருந்தவளுக்கு இரண்டு தடவை. சரி என்று தலையாட்டத்தான் போகிறார்கள் என்று பார்த்தால், பக்கத்திலிருந்து அண்ணன் எழுந்து, "ஒரே பாட்டை ரெண்டு தடவை பாடினா அது வரிசை ஆகாதுங்க" என்கிறார். அந்த இடத்திலேயே அவரை நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை நாகரிகம் கருதி எழுதவில்லை.

அப்போதுதான் தாசில்தார் சலித்துப்போய் என் பக்கம் திரும்பினார். அந்த ஒரு பாட்டு இல்லாம நிகழ்ச்சி நடக்காதாம்மா என்றார்.

"நடக்குங்க சார், ஆனா..."

"நடக்கும்னு அவங்களே சொல்லிட்டாங்க" என்று கிளார்க்கைக் கூப்பிட்டார். பிரச்சினைக்குரிய பாட்டை மட்டும் நீக்கிவிட்டு, மற்றவற்றைப் பாடிக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று சொல்லச் சொல்ல கிளார்க் எழுதினார். என்னுடைய "ஆனா" அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டார். தங்கராசு தாசில்தாருக்குக் கும்பிடு போட்டார். அவருக்குக் கிடைக்கவில்லை என்று இவருக்குத் திருப்தி, இவருக்குக் கிடைக்கவில்லை என்று அவருக்குத் திருப்தி. எல்லாரும் ஒரே வாசல் வழியாக இறங்கிப் போனார்கள்.

பஸ்ஸில் அண்ணன் என்னைத் தேற்றினார். "விடு சாரதா. பத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும் பாடுவோம். வரிசை கெடலை பாரு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை வலித்தது.

ஹலோ மைக் டெஸ்டிங்

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கோயில் திடலில் மேடை போட்டிருந்தார்கள். காதர் பாய் தென்னைமரத்தில் கடைசிக் குழாயைக் கட்டிவிட்டு இறங்கி, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்தார். பாஸ்கரும் மற்றவர்களும் வேனில் தூங்கினார்கள். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார்.

எனக்கு அந்த நேரத்தில்தான் தோன்றியது. "பாய், டெஸ்டிங் நிகழ்ச்சியில சேர்த்தியா?" என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா சேரும்? விளக்கேத்தி, வரவேற்புப் பேசி, அப்புறம்தானே நிகழ்ச்சி. டெஸ்டிங் டெஸ்டிங்தான்."

"அப்ப முதல் பாட்டும் ஆகாது, கடைசிப் பாட்டும் ஆகாது."

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாலுகா ஆபீஸ் கதை அவருக்கும் தெரியும். ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் திருகிவிட்டு, மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

தபேலா இல்லை, ஆர்மோனியம் இல்லை. எனக்குக் கோபம் தீரவே இல்லை. அந்தக் கோபத்தோடுதான் எடுத்தேன். பல்லவியின் அந்த நீண்ட இறக்கம் நாலு குழாயிலும் போய், வயலைத் தாண்டி, எங்கோ பட்டுத் திரும்பி வந்தது. ஆற்றங்கரையில் நூறு முறை பாடியது, ஆனால் என் குரலை அவ்வளவு பெரிசாக நான் கேட்டதில்லை.

திடலுக்கு அப்பால் தாளடி அறுப்பு. வரிசையாகக் குனிந்திருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. சரணம் வந்தபோது வரிசை முழுக்க நின்றுகொண்டு, குழாய் கட்டிய தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிராசுதார் வீட்டு மாடியில் எப்போதும் மூடியே இருக்கும் ஜன்னல் ஒன்று திறந்தது. வளையல் போட்ட கை ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது, முகம் தெரியவில்லை.

ரெண்டாவது சரணம் முடிந்து மூன்றாவதில் கால் வைக்கிறேன். சோற்றுக் கையோடு அண்ணன் ஓடிவருகிறார். வந்தவர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஒண்ணாம் நம்பரை யாராவது டெஸ்டிங்ல பாடுவாங்களா?"

கவனியுங்கள். தாசில்தார் உத்தரவு என்னாவது என்று அவர் கேட்கவில்லை. கலவரம் வந்தால் என்னாவது என்றும் கேட்கவில்லை. பத்து, ஒன்பது, எட்டு பாடாமல் ஒண்ணுக்குப் போய்விட்டேன் என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. வயலில் அவர்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துவிட்டு, ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள். மாடி ஜன்னல் மட்டும் வெகுநேரம் திறந்திருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். "யார் பாடினது?"

"டெஸ்டிங் சார்" என்றார் பாய்.

"பாட்டு மாதிரி கேட்டுதே."

"பாடினாதான் சார் குழாய்ல கரகரப்பு இருக்கான்னு தெரியும். பேச்சுல தெரியாது."

அவர் தென்னைமரத்தை நிமிர்ந்து பார்த்தார். கரகரப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டதைப் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ராத்திரி நிகழ்ச்சி பத்தாம் நம்பரில் ஆரம்பித்து ரெண்டாம் நம்பரில் முடிந்தது. முன்வரிசையில் மிராசுதார், ஓரத்தில் கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் தங்கராசுவும் அவர் ஆட்களும். கைதட்டினார்கள், கலைந்தார்கள். சால்வை பாஸ்கருக்குத்தான்.

மதகடியில்

மறுநாள் காலை வேன் கிளம்ப மறுத்துவிட்டது. ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அண்ணனும் வாய்க்கால் மதகுப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றோம். அறுப்புக்குப் போகும் பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள். அதில் ஒருத்தி மட்டும் நின்றாள். என் வயதுதான் இருக்கும். தலையில் சும்மாடு, கையில் கருக்கரிவாள். முன்னால் போன ஒருத்தி "பாக்கியம்" என்று அவளைக் கூப்பிட்டாள். அவள் போகவில்லை.

"நேத்து மத்தியானம் குழாயில பாடினது நீங்கதானே?"

"ஆமாம்."

"பாதியில நிறுத்திட்டீங்களே."

"நான் நிறுத்தலை. எங்க அண்ணன் பிடுங்கிட்டாரு."

அவள் அண்ணனை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

"ராத்திரியாவது முழுசாப் பாடினீங்களா?"

"அதை மட்டும் பாடக் கூடாதுன்னு உத்தரவு. ஏன், நீங்க வரலையா?"

"நான் எங்கேருந்து வர்றது? களத்துலேருந்து வந்து, உலை வெச்சு, புள்ளைங்களுக்குப் போட்டு, செத்த படுத்தா விடிஞ்சிடுது. எங்க தெருவுல பொம்பளைங்க யாரும் வரமாட்டோம். ராத்திரிப் பாட்டுக்கெல்லாம் ஆம்பளைங்கதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கல்லாம் களத்துலேருந்து வந்தப்புறம்தான் பாடணும்னு உங்க தங்கராசு தாலுகா ஆபீஸ் வரைக்கும் வந்து நின்னாரே."

"எங்களுக்காகவா? எங்களை யாரு கேட்டா?"

"என்னையும் யாரும் கேக்கலை" என்றேன்.

அவள் அரிவாளை மதகுச் சுவரில் வைத்தாள். "சரி, அந்த மீதியைப் பாடிட்டுப் போங்க. நேத்துலேருந்து மண்டைக்குள்ள பாதியிலேயே நிக்குது. வேலை ஓடலை."

பாடினேன். மூன்றாவது சரணத்தில் ஆரம்பித்து, திரும்பப் பல்லவிக்கு வந்து, அந்த இறக்கத்தை மூச்சு விடாமல் இறங்கினேன். பாதியில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுறீங்களா இல்லையா?" என்றார். பாக்கியம் அவர் பக்கம் திரும்பாமலே, "இருய்யா, முடியட்டும்" என்றாள். டிரைவர் என்ன நினைத்தாரோ, என்ஜினை அணைத்துவிட்டார்.

முடித்ததும் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டாள். "இதையா ரெண்டு பக்கமும் சேர்ந்து வேணாம்னுட்டு வந்தாங்க?"

"ஆமாம்."

"என்னத்தைச் சொல்றது போங்க" என்றுவிட்டு வரப்பில் இறங்கி வேகமாக நடந்தாள். மற்றவர்கள் அதற்குள் வயலில் இறங்கியிருந்தார்கள்.

அடுத்த வாரமே அந்தப் பாட்டு மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. அண்ணன்தான் வந்து சொன்னார். போகட்டும் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் குழு கலையும் வரை, மேடையில் ஒண்ணாம் நம்பர் எனக்கு வரவே இல்லை. எந்தப் பாட்டு எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்பதையும் விட்டுவிட்டேன்.

ஆனால் அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் மைக் டெஸ்டிங் என்னுடையது. வெயில் இருக்கும்போதே, வயலில் ஆள் இருக்கும்போதே, பாய் நாலு பக்கமும் குழாயைத் திருப்பி வைப்பார். எனக்குப் பிடித்த பாட்டை எடுத்து, கடைசிச் சரணம் வரைக்கும் பாடி முடிப்பேன். அண்ணன் ஒவ்வொரு முறையும் வந்து பிளக் பக்கத்தில் நிற்பார். நான் பாடிக்கொண்டே ஒரு முறை முறைப்பேன். பிடுங்க மாட்டார்.